கிளாபர் உப்பு கேட்ட கணக்கு: இணையத்தில் வேதியியல் படித்த அனுபவம்

கிளாபர் உப்பு, அதாவது சோடியம் சல்பேட், சாயப்பட்டறையில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று மூட்டையில் வாங்கும் வெள்ளைத் தூள். மற்றது கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது குளிர்வித்துப் பிரித்தெடுக்கும் படிகம். திருப்பூரில் இந்த இரண்டாவது வகை பெருகியதற்குக் காரணம் உண்டு. நொய்யல் ஆறு பாழானதை முன்னிட்டு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் மறுபடி ஓட்டலாம் என்றானது. தண்ணீரை மீட்டெடுத்தால் அதில் கரைந்திருந்த உப்பு மிஞ்சும். அதைக் கொட்ட இடமில்லை. எனவே அது திரும்பவும் சாயத் தொட்டிக்கே வருகிறது.

நான் பி.காம். முடித்துவிட்டு ஒரு பட்டறையில் ஸ்டோர் கணக்குப் பார்க்க வந்தவன். பத்தாம் வகுப்போடு வேதியியலுக்குக் கும்பிடு போட்டாயிற்று. தூள் தீர்ந்து படிகம் போடும் நாட்களில் உப்பின் எடை ஏன் இரட்டிப்பையும் தாண்டிப் போகிறது என்ற கேள்வி பேரேட்டிலிருந்துதான் கிளம்பியது. சாய மாஸ்டரிடம் கேட்டேன். "அதெல்லாம் கைகண்ட அளவு கண்ணு, கணக்கு வேண்டுமென்றால் லேபில் கேட்டுக்கொள்" என்றார். லேபில் இருந்தவர், தூளின் எடையை 2.27 ஆல் பெருக்கினால் படிகத்தின் எடை வரும் என்றார். அந்த எண் எப்படி வந்தது என்றதற்கு "மூலக்கூறு எடை" என்று இரண்டு சொல்லில் முடித்துக்கொண்டு மாதிரித் துணியைப் பார்க்கப் போய்விட்டார். நான் இணையத்தில் வேதியியல் படிக்க உட்கார்ந்தது அந்த 2.27க்காகத்தான். இப்படி ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கியது பெரிய வசதியாக இருந்தது. எந்தத் தளத்தைத் திறந்தாலும் இது என் எண்ணுக்குப் பதில் சொல்லுமா என்று கேட்டு, இல்லையென்றால் மூடிவிட முடிந்தது.

அந்த வடிகட்டல் இல்லாவிட்டால் மூழ்கிவிடலாம். இலவசமாகக் கிடைப்பவற்றுக்கு அவ்வளவு வளம். யூடியூபில் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் என்று தமிழில் தேடினாலே பாடம் பாடமாகக் காணொளிகள் வந்து விழுகின்றன. நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை தேர்வுக்குப் படிப்பவர்களுக்கானவை. சூத்திரத்தை எழுதி, எண்களைப் பொருத்தி, "இது ஐந்து மதிப்பெண் வினா" என்று சொல்லி நகர்ந்துவிடும். என்னைப் போல் தேர்வே எழுதாதவனுக்கு அதில் பிடிமானம் இல்லை. கான் அகாடமி என்ற இலவசப் பாடத் தளம் அந்த விதத்தில் மேல். ஆங்கிலம்தான், ஆனால் நிதானமான ஆங்கிலம். ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதி, எது எதோடு அடிபடுகிறது என்று காட்டுவார்கள். நாட்டிங்காம் பல்கலைக்கழகத்திலிருந்து 2008 முதல் வரும் தனிமக் காணொளிகளும் பார்த்தேன். சிலுப்பிய வெள்ளைத் தலைமுடியோடு பேராசிரியர் மார்ட்டின் போலியாகாஃப் ஒவ்வொரு தனிமத்தைப் பற்றியும் கதை சொல்வார். பார்த்தால் மனம் நிறையும், கணக்கு வராது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்க ஏற்றவை.

காணொளியைப் பற்றி எனக்கு ஒரு பொதுவான புகார் இருக்கிறது. வேறொருவர் சரளமாகக் கணக்குப் போடுவதைப் பார்க்கும்போது நமக்கும் புரிந்ததுபோலவே இருக்கும். தாளை எடுத்து நாமே போட உட்கார்ந்தால் முதல் வரியிலேயே கை நின்றுவிடும். அதனால் கணக்கு திரையில் வந்ததும் நிறுத்திவிட்டு, நானாகப் போட்டுப் பார்த்து, பிறகுதான் ஓடவிடுவது என்று வைத்துக்கொண்டேன். பத்து நிமிடக் காணொளி அரை மணி நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

எனக்கு உண்மையில் கதவைத் திறந்தது தமிழ்நாட்டு அரசுப் பாடநூல்தான். எல்லா வகுப்புப் புத்தகங்களும் பிடிஎஃப் வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்தாம் வகுப்பு அறிவியலில் "அணுக்களும் மூலக்கூறுகளும்", "கரைசல்கள்" என்ற இரண்டு பாடங்களையும், பதினொன்றாம் வகுப்பு வேதியியலின் முதல் அலகையும் தமிழில் படித்தேன். கரைசல்கள் பாடத்தில் நீரேறிய உப்புகள் என்று ஒரு பகுதி. மயில் துத்தத்தைச் சூடாக்கினால் நீலம் போய் வெளுத்துவிடும், ஏனென்றால் அதன் படிகத்துக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் உட்கார்ந்திருந்தன என்று விளக்குகிறது. அதைப் படித்ததும் என் கேள்வி அவிழ்ந்துவிட்டது.

கணக்கை எழுதிக் காட்டுகிறேன், இதற்காகத்தானே வந்தோம். சோடியம் சல்பேட்டில் சோடியம் அணு இரண்டு, கந்தகம் ஒன்று, ஆக்சிஜன் நான்கு. அணு நிறைகள் முறையே 23, 32, 16. ஆக 46, 32, 64 மூன்றையும் கூட்டினால் 142. இது தூள். படிகத்தில் ஒவ்வொரு சோடியம் சல்பேட்டோடும் பத்துத் தண்ணீர் மூலக்கூறுகள் சேர்ந்திருக்கின்றன. தண்ணீர் ஒன்றுக்கு 18 என்றால் பத்துக்கு 180. மொத்தம் 322. 322ஐ 142 ஆல் வகுத்தால் 2.27. அவ்வளவுதான். 50 கிலோ படிகத்தில் உப்பு 22 கிலோ, மீதி 28 கிலோ தண்ணீர். லிட்டருக்கு 60 கிராம் தூள் கேட்கும் சாயக் குறிப்புக்குப் படிகம் போட்டால் 136 கிராம் போட வேண்டும். விலை ஒப்பிடும்போதும் மூட்டைக்கு மூட்டை பார்க்கக் கூடாது, உள்ளே இருக்கும் சல்பேட்டுக்குப் பார்க்க வேண்டும் என்பது ஸ்டோர்காரனுக்குக் கிடைத்த உபரி லாபம்.

ஒரு கேள்வி தீர்ந்தால் படிப்பை நிறுத்தியிருக்கலாம். ஆனால் மோல் கணக்கு (மூலக்கூறு எடையைக் கிராமில் எடுத்தால் அது ஒரு மோல்) கைவந்தபின் பட்டறையில் பார்க்கும் ஒவ்வொரு டிரம்மும் கணக்காகத் தெரியத் தொடங்கியது. அப்போதுதான் ஒரு முழுப் புத்தகத்தைப் பிடித்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட அடிப்படை வேதியியல் பாடநூல் அது. இரண்டாம் பதிப்பு 2019இல் வந்தது. 21 அத்தியாயங்கள். இணையத்திலேயே படிக்கலாம், இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். பாடத்துக்கு நடுநடுவே விடையோடு கூடிய மாதிரிக் கணக்கு, அதையொட்டி நாம் போட ஒரு கணக்கு, அத்தியாயத்தின் முடிவில் கொத்தாகக் கணக்குகள், புத்தகத்தின் பின்னால் விடைகள். தனியாகப் படிப்பவனுக்கு விடைப் பகுதி உள்ள புத்தகமே ஆசிரியர்.

ஆங்கிலத்தில் நேராக இறங்காமல், ஒரு பாடத்தை முதலில் தமிழ்நாட்டுப் பாடநூலில் தமிழில் படித்துவிட்டு அதே பாடத்தை ஓப்பன்ஸ்டாக்ஸில் படித்தேன். தமிழில் பொருள் ஏற்கெனவே உள்ளே போய்விட்டதால் ஆங்கில வாக்கியம் மிரட்டவில்லை. அத்தியாயங்களை வரிசையாகவும் படிக்கவில்லை. 3, 4 முடித்ததும் வாயுக்களையும் எலக்ட்ரான் அமைப்பையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டி, அமிலம் காரம் பேசும் 14ஆம் அத்தியாயத்துக்குப் போனேன். அது மற்றவர்களுக்கு ஒத்துவருமா தெரியாது. 13ஆம் அத்தியாயத்தின் வேதிச் சமநிலையை இடையில் திரும்பிப் போய்ப் படிக்க வேண்டியிருந்தது. ஆனால் எனக்கு அந்தப் பாடத்தின் தேவை தொட்டியிலேயே இருந்தது.

பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது முதலில் உப்பு, பிறகு சோடா (சோடியம் கார்பனேட்). சோடா போட்டதும் அமில-கார அளவான பிஎச் 11ஐ ஒட்டி ஏறும், சாயம் நூலோடு பிணையும். லிட்டருக்கு 20 கிராம் சோடா போட்டு வரும் பிஎச் அது. ஆனால் லிட்டருக்கு வெறும் 1 கிராம் காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு) போட்டாலே பிஎச் 12.4க்குப் போய்விடும். இருபது கிராம் செய்யாததை ஒரு கிராம் எப்படிச் செய்கிறது?

இங்கே எனக்குக் கைகொடுத்தது ஃபெட் என்ற தளம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம், போல்டர் வளாகத்தில் 2002இல் இதைத் தொடங்கியவர் கார்ல் வீமன். அதற்கு முந்தைய ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். படம் போல் ஓடாமல், நாமே திருகித் திருப்பிப் பார்க்கும் செய்முறைகள் அதில் இருக்கின்றன. கோப்பாக இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். சிலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. பிஎச் செய்முறையில் ஒரு பாத்திரம், மேலே குழாய். பேட்டரி அமிலம், காபி, பால், இரத்தம், எச்சில், ஏன் வாந்திகூடப் பட்டியலில் இருக்கிறது. வடிகால் அடைப்பை நீக்கும் திரவத்தை ஊற்றினேன். பிஎச் 13. அதே அளவு தண்ணீரைச் சேர்த்து இரட்டிப்பாக்கினேன். 12.7. பாதியாக நீர்த்தும் 0.3தான் குறைந்தது. பிஎச் ஒன்று குறைய வேண்டுமென்றால் பத்து மடங்கு நீர்க்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். குழாயைத் திருகி முள் நகர மறுப்பதைப் பார்த்தபோதுதான் அது மண்டையில் ஏறியது. அலசல் தண்ணீரை ஒருமுறை மாற்றியதும் துணியில் காரம் போய்விடும் என்று நினைப்பவர்களை இந்தச் செய்முறையின் முன் உட்காரவைக்க வேண்டும்.

சோடாவுக்கும் காஸ்டிக்குக்கும் உள்ள வேறுபாடு மட்டும் அதில் கிடைக்கவில்லை. அது கெம்கைடில் கிடைத்தது. ஜிம் கிளார்க் என்ற பிரிட்டிஷ் ஆசிரியர் எழுதிய தளம். பார்க்கப் பழைய காலத்துப் பக்கம், அலங்காரம் எதுவும் கிடையாது. ஆனால் வாசகன் எந்த இடத்தில் தடுக்கி விழுவான் என்று தெரிந்து எழுதியிருக்கிறார். வலிமை குறைந்த அமிலம், வலிமை குறைந்த காரம் என்றால் என்ன என்பதை அங்கே படித்தபின் விஷயம் இப்படி விளங்கியது. காஸ்டிக் தண்ணீரில் விழுந்ததும் முழுக்கப் பிரிந்து, காரத்தன்மை தரும் ஹைட்ராக்சைடைக் கொட்டிவிடும். 40 கிராம் ஒரு மோல் என்பதால் 1 கிராம் என்பது 0.025 மோல், அதற்கான பிஎச் 12.4. சோடாவின் கார்பனேட் அப்படியில்லை. அதில் சிறு பங்கு மட்டுமே தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடு தருகிறது, மீதி கையிருப்பாக நிற்கிறது. சாயம் பிணையும்போது காரம் செலவாகச் செலவாகக் கையிருப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். பிஎச் தடாலென்று ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. மாஸ்டர் "சோடா நின்று பேசும்" என்று சொல்வது இதைத்தான்.

துணியில் மிஞ்சிய காரத்தை முறிக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதில் அசிட்டிக் அமிலம் போடுவதற்கும் காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 40 கிராம் காஸ்டிக்குக்கு 60 கிராம் அசிட்டிக், அதாவது ஒரு கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ. ஒருவேளை சற்றுக் கூடுதலாகப் போய்விட்டாலும் அசிட்டிக்கும் அதன் உப்பும் சேர்ந்து 4.76ஐச் சுற்றிப் பிஎச்சைப் பிடித்து நிறுத்தும். ஹைட்ரோகுளோரிக் கூடினால் பிஎச் அதலபாதாளத்துக்குப் போகும், பருத்தி நூல் வலுவிழக்கும்.

சமன்படுத்துவதைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். வேதிச் சமன்பாட்டைச் சமன்படுத்த ஃபெட்டில் ஒரு விளையாட்டு இருக்கிறது. இருபுறமும் அணுக்களை எண்ணிச் சரிசெய்தால் சிரித்த முகம் வரும். தொடக்கத்தில் மிக நல்ல பயிற்சி. ஆனால் எங்கள் லேபில் ஹைட்ரஜன் பெராக்சைடின் வீரியத்தைப் பார்க்கச் செய்யும் தரம்பார்த்தலில் (டைட்ரேஷன்) அந்த உத்தி செல்லாது. பெராக்சைடை நீர்த்து, நீர்த்த சல்பூரிக் அமிலம் சேர்த்து, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஊதா மறைந்துகொண்டே வந்து, கடைசிச் சொட்டில் இளஞ்சிவப்பு நிலைக்கும்போது நிறுத்துவார்கள். இந்த வினையில் 2 பெர்மாங்கனேட்டுக்கு 5 பெராக்சைடு, 3 சல்பூரிக் என்று எழுதினால் அணுக்கள் சரியாக வரும்: 2 மாங்கனீஸ் சல்பேட், 1 பொட்டாசியம் சல்பேட், 8 தண்ணீர், 5 ஆக்சிஜன். 5க்குப் பதில் 7 பெராக்சைடு என்று எழுதி, தண்ணீரை 10 ஆகவும் ஆக்சிஜனை 6 ஆகவும் மாற்றினாலும் அணுக்கள் சரியாகத்தான் வரும்! எண்ணிப் பாருங்கள், ஒரு அணுகூடக் குறையாது. 9 போட்டாலும் வரும். பெராக்சைடு தானாகவே தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் சிதையக்கூடியது என்பதால், அந்தச் சிதைவை எத்தனை முறை வேண்டுமானாலும் மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

எது சரி என்று சொல்வது எலக்ட்ரான் கணக்கு. மாங்கனீஸ் ஆக்சிஜனேற்ற எண் +7இலிருந்து +2க்கு இறங்க 5 எலக்ட்ரான் வாங்குகிறது. ஒரு பெராக்சைடு மூலக்கூறு ஆக்சிஜனாக மாற 2 எலக்ட்ரான் கொடுக்கிறது. 2 பெர்மாங்கனேட் வாங்குவது 10, அதைக் கொடுக்க 5 பெராக்சைடு. 7 என்று நம்பிக் கணக்குப் போட்டால் 50 சதவீத டிரம் 70 சதவீதம் என்று காட்டும். பதினொன்றாம் வகுப்பு முதல் அலகில் ஆக்சிஜனேற்ற எண் முறை என்று வரும் பகுதியை வறட்டுப் பாடம் என்று தாண்டிவிடுகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

இப்போது எல்லோரும் கேட்கும் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளையும் இந்தச் சமன்பாட்டை வைத்துத்தான் உரசிப் பார்ப்பேன். விடை 5 என்று வந்தால் போதாது, ஏன் 7 கூடாது என்று கேட்க வேண்டும். எலக்ட்ரானைப் பற்றிப் பேசாமல் அணுக்களை மட்டும் திரும்ப எண்ணிக் காட்டினால் அந்த விளக்கத்தை நம்ப வேண்டாம். என் அனுபவத்தில் அவற்றிடம் "கணக்கைப் போட்டுக் கொடு" என்பதைவிட, நான் போட்ட கணக்கை வரிவரியாகக் கொடுத்து எந்த வரியில் அலகு தவறுகிறது என்று கேட்பது பயன்தருகிறது.

பல இடங்களில் மாறி மாறிப் படிப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. ஒரு மோல் வாயுவின் பருமன் ஓரிடத்தில் 22.4 லிட்டர் என்றிருக்கும், இன்னோரிடத்தில் 22.7 என்றிருக்கும். இரண்டும் சரி. வெப்பநிலை இரண்டிலும் 0 டிகிரி செல்சியஸ்தான், அழுத்தம் முதலாவதில் 1 வளிமண்டலம், இரண்டாவதில் 1 பார். சர்வதேச வேதியியல் அமைப்பு 1982இல் பாருக்கு மாறிவிட்டது, பழக்கம் இன்னும் மாறவில்லை. மோலின் வரையறையும் அப்படித்தான். பழைய காணொளிகள் 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்கள் என்று சொல்லும். 2019 மே 20 முதல் அது 6.02214076 × 10²³ துகள்கள் என்று நேரடியாக நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. கணக்கில் இதனால் எந்த மாற்றமும் வராது, தேர்வு எழுதுபவர்கள் மட்டும் தங்கள் பாடநூலில் இருப்பதை எழுதிக்கொள்ளட்டும்.

கையால் செய்து பார்க்க வழியில்லாதவர்களுக்கு அமிர்தா பல்கலைக்கழகமும் மும்பை சி-டாக்கும் சேர்ந்து உருவாக்கிய ஓலேப்ஸ் தளத்தில் தரம்பார்த்தல் இருக்கிறது. குழாயைத் திறப்பது, நிறம் மாறியதும் நிறுத்துவது என்று வரிசை பழகும். அதன் பிறகு உண்மையான பியூரெட்டைப் பிடித்தால் குழாயைத் திருகும் விரல்களுக்குத் தனிப் பழக்கம் வேண்டும் என்று தெரியும். அது திரையில் வராது. வீட்டில் செய்து பாருங்கள் என்று வரும் காணொளிகளை நான் அறவே தவிர்க்கச் சொல்வேன். பட்டறையில் எழுதிப் போட்டிருக்கும் இரண்டு எச்சரிக்கை வீட்டுக்கும் பொருந்தும். ஹைப்போவோ (சோடியம் ஹைப்போகுளோரைட்) பிளீச்சிங் பவுடரோ இருக்கும் இடத்தில் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காஸ்டிக்கைக் கரைக்கும்போது தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்குத் தினமும் ஒரு மணி நேரம் என்ற அறிவுரையெல்லாம் நடக்காது. இரவு ஷிப்டில் தொட்டி சூடேறும் நேரத்தில் ஒரு கணக்கு, அவ்வளவே என்னால் முடிந்தது. கைபேசியில் இறக்கிவைத்த புத்தகமும் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டும் போதும். நோட்டில் கணக்குக்குப் பக்கத்தில் அது எந்த டிரம்மைப் பற்றியது என்றும் எழுதிவைப்பேன். திரும்பப் பார்க்கும்போது டிரம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது, அதைப் பிடித்துக்கொண்டு கணக்கும் வருகிறது.

இப்போது வினைவேகம் பேசும் 12ஆம் அத்தியாயத்தில் நிற்கிறேன். சாயம் நூலோடு பிணைவதும், அதே சாயம் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாவதும் ஒரே தொட்டியில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. வீணான சாயத்தை வெளியேற்றத்தான் அத்தனை முறை சோப்புப் போட்டு அலசுகிறோம். 60 டிகிரி என்று குறித்திருக்கும் சாயத்தை 80க்கு ஏற்றினால் இரண்டு வினையுமே வேகமெடுக்கும். எது அதிகமாக வேகமெடுக்கும் என்பதற்கு அந்த அத்தியாயத்தின் கிளர்வு ஆற்றல் (வினை தொடங்கத் தேவையான ஆற்றல்) பகுதியில் வழி இருக்கிறது. அதற்கு மேல் சாய மூலக்கூறுக்குள்ளேயே போக வேண்டுமென்றால் கரிம வேதியியல் வேண்டும். ஓப்பன்ஸ்டாக்ஸின் இந்தப் புத்தகத்தில் அதற்கு இருப்பது 20ஆம் அத்தியாயம் ஒன்றுதான், அது போதாது. பதினொன்றாம் வகுப்புப் பாடநூலின் கரிம வேதியியல் அலகுகளை இறக்கி வைத்திருக்கிறேன்.